சல்லடை என்ன விலை?

லிங்கராஜபுரத்தில் கணேசமூர்த்தியின் பாத்திரக் கடையில் எல்லாச் சாமானுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலைக்குள் இன்னொரு விலை ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை வாங்க வந்தவர் நகரமாட்டார். கண்டுபிடித்த பிறகும், "ஐயோ, எனக்கு நஷ்டம்மா!" என்று கணேசமூர்த்தி நெஞ்சில் கை வைப்பார். பிறகு இரண்டு பேருமே சிரித்துக்கொண்டே பிரிவார்கள்.

இந்தப் பேச்சுக்கு நடுவில் வளர்ந்தவள் அவருடைய மகள் ஷோபா. அதனால் பதினோரு வயதிலேயே அவள் வாய் நாலு சந்தையைப் பார்த்த வாயாக இருந்தது.

"இவ வாய்க்கு ஒரு மூடி செஞ்சு போட்டா, அந்த மூடியையும் பேசியே வித்துடுவா," என்பார் அம்மா யசோதா.

1995ஆம் வருடம் சாந்தி நகர் ஹாக்கி மைதானத்தில் தெற்காசிய நாடுகளின் போட்டி நடந்தது. ஆண்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு. மாலையில் ஆண்கள் ஆட்டம், டிக்கெட்டுக்கு அடிதடி. காலையில் பெண்கள் ஆட்டம். காக்கைகள் மட்டும் தவறாமல் வந்தன. பார்த்தார்கள் போட்டியை நடத்தியவர்கள். சுற்றியிருந்த பள்ளிகளுக்கெல்லாம் இலவச பாஸ் அனுப்பிவிட்டார்கள்.

விளையாட்டு ஆசிரியர் ஓஸ்வால்ட் சார் ஆறாம் வகுப்பு மொத்தத்தையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஷோபாவுக்கும் அவள் நண்பன் முகேஷுக்கும் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. நடுவில் ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான்.

முதல் ஆட்டம், இந்தியாவும் இலங்கையும். இடைவேளைக்குப் பிறகு இலங்கை கோல்கீப்பர் இவர்கள் பக்கம் வந்து நின்றாள். தலையில் ஹெல்மெட், காலில் தலையணை போல இரண்டு பேடு. பந்து வந்தது. கோல். மறுபடி வந்தது. மறுபடி கோல்.

ஷோபாவின் வாய் சும்மா இருக்குமா?

"பாவம்பா, ஆள் இல்லாததால சல்லடையை நிக்க வெச்சிருக்காங்க!" என்றாள்.

முகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "சக்கத்தா, சூப்பரா சொன்னே! இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு!"

"எங்க கடையில சல்லடை இருபது ரூபா. இங்க பாரு, பாஸ் கொடுத்து சும்மாவே காட்டுறாங்க!"

வரிசை முழுக்கச் சிரித்தது. பின் வரிசைக்குச் செய்தி போனது. கொஞ்ச நேரத்தில் ஐம்பது குரல்கள் ஒன்றாகக் கத்தின: "சல்லடை! சல்லடை!"

எட்டு கோல்களோடு ஆட்டம் முடிந்தது. கோல்கீப்பர் தன் தண்ணீர் பாட்டிலை எடுக்க வேலி அருகே வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். உள்ளே ஒரு சின்ன முகம். பத்தொன்பது வயதுகூட இருக்காது. வியர்வையா, வேறு எதுவுமா என்று தெரியாமல் முகம் முழுக்க ஈரம்.

அவள் நேராக ஷோபாவைப் பார்த்தாள்.

"தங்கச்சி, உங்க கடையில சல்லடை இருபது ரூபாயா? எங்க அம்மாவுக்கு ஒண்ணு வாங்கணும்னு இருந்தேன்," என்றாள். அழகான தமிழில்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஷோபாவின் வாய் திறந்தபடியே நின்றது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"சார், அவங்களுக்கு எப்படி சார் தமிழ் தெரியும்?" என்று முகேஷ் மெல்லக் கேட்டான்.

ஓஸ்வால்ட் சார் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். "அந்தப் பொண்ணு பேரு மரகதம். ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பொண்ணு. இலங்கையில எத்தனை பேரு தமிழ் பேசுறாங்க தெரியுமா? வேற நாட்டு ஜெர்சி போட்டிருந்தா உள்ள இருக்கிற காதும் வேற ஆயிடுமாடா?"

குட்டு முகேஷுக்கு. வலித்தது ஷோபாவுக்கு.

அடுத்த ஆட்டம் நேபாளத்துடையது. ஷோபா ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்ததால் கண்ணுக்கு நிறைய வேலை கிடைத்தது. நேபாள அணியின் ஒன்பதாம் நம்பர் அக்காவை அது விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. அவள் செய்த ஏதோ ஒன்று, ஷோபாவுக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

எங்கே என்பது அன்று சாயங்காலம் கடையில்தான் தெரிந்தது. ஒரு அம்மா வந்தார். அவர் கண் பெரிய குண்டான் மேல். கையோ இட்லிப் பானையைத் தட்டியது. "இது என்ன விலைங்க?" என்று இட்லிப் பானையைக் கேட்டார், கடைசியில் குண்டானை வாங்கிக்கொண்டு போனார்.

"அட, ஒன்பதாம் நம்பர்!" என்று கத்தினாள் ஷோபா.

"யாரும்மா அது?" என்றார் அப்பா.

அதற்குள் வேறொருவர் ஒழுகும் குடத்தோடு வந்துவிட்டார். அப்பா நெஞ்சில் கை வைக்கவில்லை. பேசாமல் புதுக் குடத்தை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு சின்ன டம்ளரை அந்தக் குடத்துக்குள் போட்டார். கோபமாக வந்தவர் டம்ளர் சத்தம் கேட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

அவர் தூக்கிக்கொண்டு போன அந்தக் குடத்தையே ஷோபா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் ஆட்டம். இலங்கை அணி கேலரியில் உட்கார்ந்து பார்த்தது. மரகதம் மட்டும் கூட்டத்தை விட்டுத் தள்ளி, வேலி ஓரத்துப் படியில் தனியாக இருந்தாள். அவர்களுடைய கோச் நோரா மேடம், ஓஸ்வால்ட் சாரிடம் வருத்தமாக ஏதோ சொன்னார்.

சார் வந்து ஷோபாவின் பக்கத்தில் குனிந்தார். "நாளைக்கு வெண்கலத்துக்கு இலங்கையும் நேபாளமும் ஆடுறாங்க. அந்தப் பொண்ணு கோல்ல நிக்க மாட்டேங்குதாம். இன்னொரு கீப்பருக்கு விரல் வீங்கிப் போச்சாம். வேற ஆளே இல்லையாம்."

ஷோபா எழுந்தாள். கையில் இருந்த மசாலாக் கடலைப் பொட்டலத்தோடு நடந்தாள். இருபது படி தூரம். ஆனேக்கல் ஊர் வரைக்கும் நடந்தே போய்விட்டு வந்த மாதிரி கால் கனத்தது.

"அக்கா, ஸாரி."

மரகதம் திரும்பவில்லை. "பரவாயில்ல. நீ சொன்னது சரிதானே. எட்டு பந்து போச்சு."

"அக்கா, கடலை..."

"வேணாம்."

ஷோபா நின்றாள். அப்பாவின் குடம் ஞாபகம் வந்தது. ஸாரி சொல்லியாகிவிட்டது. உள்ளே போட ஒரு டம்ளர் வேண்டுமே!

"அக்கா, நேபாளத்து ஒன்பதாம் நம்பர் இருக்காங்களே, அவங்க பெனால்டி கார்னர் அடிக்கும்போது எந்தப் பக்கம் அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

இப்போது மரகதம் திரும்பினாள். "எப்படி?"

"எங்க கடைக்கு வர்றவங்க மாதிரிதான். வாங்கப் போறதை விட்டுட்டு, வேற எதையாவது தொட்டு விலை கேட்பாங்க. இவங்களும் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கம்பத்தைப் பார்ப்பாங்க. ஆனா அடிக்கிறது அடுத்த கம்பத்துப் பக்கம்."

"சும்மா அளக்காதே."

"அளக்குறேனா? இப்பவே பாருங்க. தப்பா இருந்தா இந்தப் பொட்டலம் மொத்தமும் உங்களுக்கு."

"சரியா இருந்தா?"

"பாதி உங்களுக்கு."

மரகதத்தின் உதடு லேசாக அசைந்தது. "நல்லா வியாபாரம் பண்றே. உட்காரு."

நேபாளத்துக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. கோலுக்கு எதிரே, வட்டத்தின் விளிம்பில் ஒன்பதாம் நம்பர் மட்டையோடு தயாரானாள். கோட்டோரத்திலிருந்து தோழி பந்தைத் தள்ளிவிடுவதற்கு முன்னால், கோலின் இரண்டு கம்பங்களில் ஸ்கோர் போர்டு பக்கத்துக் கம்பத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"அடுத்த கம்பம், தண்ணித் தொட்டிப் பக்கம்!" என்றாள் ஷோபா. பந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கமே போனது.

அடுத்த முறையும் ஷோபா சொன்னதுதான் நடந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே. மரகதம் கடலையை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தாள். நான்காவது முறை ஷோபா தொட்டிப் பக்கம் என்றாள். பந்து ஸ்கோர் போர்டு பக்கம் பாய்ந்தது.

"பாரு, தப்பு!" மரகதம் பொட்டலத்தைப் பிடுங்கினாள்.

"இருங்கக்கா, இருங்க!" ஷோபா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இந்தத் தடவை அவங்க அதே கம்பத்தை ரெண்டு தடவை பார்த்தாங்க. கடையிலயும் அப்படித்தான். ஒரே சாமானை ரெண்டு தடவை தொட்டா, அதையேதான் வாங்குவாங்க. எனக்குத் தெரியும், மறந்துட்டேன்!"

மரகதம் சிரித்துவிட்டாள். சத்தமாக. தூரத்தில் நோரா மேடம் திரும்பிப் பார்த்தார்.

"சரி, தங்கச்சி. நாளைக்கு நான் நிக்கிறேன். ஆனா ஒரு விலை இருக்கு."

"சொல்லுங்க."

"கடைசி விசில் வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"முதல் பாதி மட்டும்..."

"முழு ஆட்டம்."

"கோல் விழுந்தா ஒரே ஒரு..."

"முழு ஆட்டம்."

அவ்வளவு பேரம் தெரிந்த பெண், ஒரு பைசாகூடக் குறைக்க முடியாமல் தலையாட்டிய ஒரே வியாபாரம் அதுதான்.

கடைசி நாள் காலை. ஷோபா வாயில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஷோபாவுக்குப் பல்வலியா?" என்று பஸ்ஸில் எல்லோரும் கேட்டார்கள்.

"இல்ல, வாய்வலி," என்றான் முகேஷ். அவன் நன்றாக ஒரு உதை வாங்கினான்.

இலங்கை ஆண்கள் அணியும் அன்று கேலரிக்கு வந்துவிட்டது. பிள்ளைகளோடு பிள்ளைகளாக உட்கார்ந்து கைதட்டியது. முகேஷ் ஆளாளுக்குச் சொல்லிவிட்டிருந்தான்: "சல்லடைன்னு எவனாவது சொன்னா, ஷோபாகிட்ட நான் மாட்டிவிடுவேன்." ஒருவரும் சொல்லவில்லை.

மரகதம் இந்த முறையும் இரண்டாவது பாதியில்தான் இவர்கள் பக்கம் வந்தாள். இலங்கை இரண்டு, நேபாளம் ஒன்று. நேபாளம் முட்டி மோதியது. மரகதம் காலால் தடுத்தாள், கையால் தள்ளினாள், ஒரு தடவை படுத்தே பிடித்தாள். ஷோபா வேலிக் கம்பியைப் பிடித்துக் குதித்தாள். கைக்குட்டைக்குள்ளிருந்து "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று மட்டும் சத்தம் வந்தது.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. நேபாளத்துக்குப் பெனால்டி கார்னர்.

ஒன்பதாம் நம்பர் வட்டத்தின் விளிம்பில் குனிந்தாள். ஸ்கோர் போர்டு பக்கத்துக் கம்பத்தைப் பார்த்தாள்.

மரகதத்தின் உடம்பு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மெல்லச் சாய்ந்தது.

அப்போது ஒன்பதாம் நம்பர் மறுபடியும் பார்த்தாள். அதே கம்பத்தை. ஒரே ஒரு கண நேரம்.

ஷோபா வேலிக் கம்பியை உலுக்கினாள். 'ரெண்டு தடவை, அக்கா! ரெண்டு தடவை!' சொல்லிவிடலாமா? கை கைக்குட்டை முடிச்சுக்குப் போனது. கொடுத்த வாக்கு? கை அங்கேயே நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

டப் என்று மட்டையின் சத்தம். டொம் என்று இன்னொரு சத்தம்.

கண்ணைத் திறந்தாள். மரகதம் ஸ்கோர் போர்டு பக்கத்துக் கம்பத்தடியில் குப்புறக் கிடந்தாள். பந்து அவள் பேடில் பட்டு வெளியே உருண்டுகொண்டிருந்தது. இலங்கைப் பெண்கள் அவள் மேல் வந்து விழுந்தார்கள்.

அவளுக்கு எல்லாமே ஞாபகம் இருந்திருக்கிறது!

விசில் ஊதியது. கேலரி எழுந்து நின்று ஆடியது. கொஞ்ச நேரம் கழித்து மரகதம் வேலி அருகே வந்தாள். ஹெல்மெட் கையில் இருந்தது. முகம் முழுக்க ஈரம். இன்றைக்கு அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

"விசில் ஊதியாச்சு, தங்கச்சி. இனிமே பேசலாம்."

ஷோபா கைக்குட்டையை அவிழ்த்தாள். பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை வேலிக்கு மேலே நீட்டினாள்.

மரகதம் பிரித்தாள். பளபளவென்று ஒரு புதுச் சல்லடை.

"உங்க அம்மாவுக்கு," என்றாள் ஷோபா. "வீட்டுல வெச்சுப் பார்த்துட்டேன்க்கா. சல்லடையில மாவுதான் இறங்குது. பந்து இறங்கவே மாட்டேங்குது."

மரகதம் அவளையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "விலை?"

"என் பங்கு பாதிக் கடலை இன்னும் உங்ககிட்டதான் இருக்கு," என்றாள் ஷோபா.

அதற்குள் நோரா மேடம் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார். மரகதம் ஓடினாள். ஓடும்போதே ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, சல்லடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

அந்தப் படத்தின் பிரதி ஒன்று ஹட்டனிலிருந்து தபாலில் வந்து, இன்றும் கணேசமூர்த்தியின் கடையில் தொங்குகிறது. எல்லார் கழுத்திலும் வெண்கலம். ஒருத்தி தலையில் மட்டும் எவர்சில்வர்.