வாய் வைக்காத டியூப்

டியூபின் நுனி ஈரமாக இருந்தது. நேற்றே வெந்நீரில் அலசி, குர்லா வெயிலில் கொடியில் தொங்கவிட்டு, காய்ந்தபின் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தது. செல்லப்பாண்டி விரலால் தொட்டுப் பார்த்தான். ஈரம் மட்டுமில்லை, இளஞ்சூடாகவும் இருந்தது. யாரோ இப்போதுதான் வாயிலிருந்து எடுத்து வைத்த மாதிரி. துடைத்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் ஈரம்.

வேர்வைக் கையோடு தொட்டிருப்போம் என்று சொல்லிக்கொண்டான். இந்த ஒரு வருஷத்தில் பொய் அவனுக்கு நன்றாகக் கைவந்திருந்தது, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அடியில் நுழைந்த வெயில் கண்ணாடி ஜாடியில் பட்டு, உள்ளே இருபது லிட்டர் கருந்திராட்சை ஒயின் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. அடியில் இரண்டு விரல் மண்டி. மண்டி கலங்காமல், மேலே தெளிந்ததை மட்டும் பக்கத்துக் காலி ஜாடிக்கு மாற்றவேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள்தான் இருந்தது. தெருக்கோடி கோவாக்காரர் வீட்டுக்கு வருஷா வருஷம் இங்கிருந்துதான் போகும். காலி ஜாடியின் ரப்பர் மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்றில் ஒயின் வரும் டியூப், மற்றதில் காற்றை உறிஞ்சும் டியூப். உறிஞ்சுவதற்கு, ஒரு செத்த ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரஸர். யாரும் வாய் வைக்கவேண்டியதில்லை.

போன வருஷம், எண்பத்தைந்து டிசம்பர்வரை, அண்ணன் பிச்சையா வாய் வைத்து உறிஞ்சித்தான் கேன் மாற்றுவான். குடிக்கிறவன் இல்லை. நாக்கில் பட்டதும் துப்பிவிடுவான். கடைசியாக அவன் டியூபை விட்ட கேனில் ஒயின் இல்லை. ஃபிரிட்ஜின் குழாய் கழுவுகிற மருந்து இருந்தது. அதன் டப்பா ஒழுகுகிறதென்று காலி ஒயின் கேனில் ஊற்றி வைத்தவன் செல்லப்பாண்டி. சொல்ல மறந்தவனும் அவன்தான். ஒரு வாய் உள்ளே போனபிறகு அண்ணன், "என்னல இது, இனிக்கி?" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் அண்ணனின் கண் மஞ்சளானது. ஒன்பதாம் நாள் போய்விட்டான். இடையில் ஒரு டாக்டர், "ஈரல் கெட்டுப்போச்சு. குடிப்பாரா?" என்று கேட்டார். போலீஸ் வரும், கடையை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் செல்லப்பாண்டி ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவ்வளவுதான் அவன் செய்தது.

ஷட்டருக்கு அடியில் குனிந்து அண்ணன் பெண்டாட்டி, மயினி பேராச்சி உள்ளே வந்தாள். ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். மகளுக்கு காட்கோபரில் ஒரு இடம் அமைந்திருந்தது. அப்பன் ஸ்தானத்தில் இவன் வந்து பேசவேண்டும்.

"தம்பி, மாப்ள வீட்ல ஒண்ணுதான் கேக்காவ. பொண்ணோட அப்பன் குடிச்சுச் செத்தவனான்னு. குடிகாரன் வீட்ல எடுக்க மாட்டாவளாம்." அவள் இவன் முகத்தையே பார்த்தாள். "எனக்கு ஒரு நாள்கூட அவிய மேல வாடை அடிச்சதில்ல. கூடவே இருந்தவன் நீ. உள்ளதச் சொல்லு."

அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் செல்லப்பாண்டி குனிந்து கம்ப்ரஸர் சுவிட்சைப் போட்டான்.

"டாக்டரே சொல்லிட்டாருல்லா மயினி. கொஞ்சம் பழக்கம் இருந்துச்சு."

அவள் அழவில்லை. "அப்போ அப்படியே சொல்லிருவோம். பொய் சொல்லிக் கட்டிக்குடுக்க வேண்டாம். நீ வேலைய முடி," என்று வெளியே போய்க் கவிழ்த்த டப்பாமேல் உட்கார்ந்தாள். ஷட்டருக்கு அடியில் அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. செல்லப்பாண்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் தோலைக் கழற்றி எறிந்துவிடலாம் போலிருந்தது.

கம்ப்ரஸர் தகரக் கூரை அதிரும்படி உறுமிக்கொண்டிருக்க, டியூபுக்குள் ஒயின் கறுத்த கோடாக ஏறி, வளைவைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி, காலி ஜாடியின் மூடிவரை வந்து நிற்பதும் தெரிய, புளித்த பழவாடைக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு தித்திப்பான மருந்து வாடை மெல்லப் பரவியது. நிறைந்த ஜாடியில் நாலு விரல் இறங்கிவிட்டது. காலி ஜாடியின் அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

தரையைத் தடவினான். காய்ந்திருந்தது. மூடியை அழுத்தினான். இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னும் நாலு விரல் இறங்கியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மடக்.

சுவிட்சை அணைத்தான். உறுமல் நின்றது. மடக். மடக். பிளக்கைப் பிடுங்கினான். ஒயின் இறங்கியது. டியூபை உருவி எறிந்தான். இறங்கியது.

இடுப்பில் பெல்ட் இறுகியது. வயிறு கனத்தது. நாக்கின் அடியில் திராட்சை. மடக். தொண்டையில் கை வைத்தான். தொண்டை ஏறி இறங்கியது.

அவன் விழுங்கவில்லை. தொண்டை விழுங்கிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடவேண்டும். இப்போதே. கடை போகட்டும், ஜெயிலுக்கே போனாலும் போகட்டும்.

"மயினி!"

பேராச்சி குனிந்து உள்ளே வந்தாள். "என்ன தம்பி?"

"அண்ணன்..." என்றான். அந்த ஒரு சொல்தான் வந்தது. அதன் பின்னால் ஒயின் வந்தது. வாய் நிறைய, சட்டை நிறைய, அவள் கட்டியிருந்த நல்ல சேலை மேலும். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"நீயுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். மூலையில் இருந்த குழாய் கழுவும் மருந்து டப்பாவைக் காட்டினான். வாயைப் பொத்தினான். மூக்கு வழியாக வந்தது. முழங்காலில் விழுந்து அவள் பாதத்தைப் பிடித்தான்.

"விடு. இந்தக் கோலத்துல எம்மக கல்யாணம் பேச வந்துராத," என்று காலை உருவிக்கொண்டு அவள் வெளியே போனாள்.

அவள் போன வழியிலேயே ஒயினும் ஷட்டருக்கு அடியில் ஓடி வெயிலுக்குப் போனது. தெருவில் ஆட்கள் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள். இருபது லிட்டரும் எப்போதோ தீர்ந்திருக்கவேண்டும். அவன் தரையில் கையூன்றி, திறந்த வாயை மூட முடியாமல் அவர்களைப் பார்த்தான். நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது.