மூன்றாவது பெயர்

கூட்டம் போட்டால் ராதாகிருஷ்ணன் யாரையும் உட்கார விடமாட்டார்.

இப்போது அவரே படுத்திருந்தார்.

பந்து வைக்கும் அறையில்... கிழிந்த கோல் வலையின் மேல்... பின்மண்டை பிளந்து!

பக்கத்தில் மரச்சுத்தி. வலைக்கு முளை அடிக்கும் சுத்தி.

சிலாங்கூரின் பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் சார்ஜண்ட் வேலாயுதம் குனிந்தார். பார்த்தார். நிமிர்ந்தார்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த ஒன்றரை வருடத்தில் அவர் பார்த்த நாற்பத்து மூன்றாவது பிணம். எண்ணுவதை அவர் நிறுத்தவில்லை. வருந்துவதைத்தான் நிறுத்தியிருந்தார்.

1943, ஜூலை 26. திங்கட்கிழமை. பகல் பதினொரு மணி.

வெளியே திடலில் நீலச்சட்டைக் கால்பந்துக் கழகத்தின் பதினொரு ஆட்டக்காரர்களும் கைகள் கட்டப்பட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். செத்தவர் அவர்களுடைய தலைவர். நேற்றுக் கூட்டத்தில் அவரோடு சண்டை போட்டதும் அவர்கள்தான்.

ஜப்பான் ராணுவப் போலீஸ் லெப்டினன்ட் மொரிட்டா, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி அரைகுறை மலாயில் சொன்னார்.

“இரண்டு மணிக்குள் கொன்றவன் வேண்டும். இல்லையென்றால் பதினொரு பேரும் என் லோரியில்!”

அந்த லோரியில் ஏறிய யாரும் திரும்பி வந்து கதை சொன்னதில்லை.

வேலாயுதம் ஆட்டக்காரர்களின் கேப்டன் அப்துல் ஜலீலுக்கு எதிரே குந்தினார்.

“நேத்து என்னடா சண்டை?”

“அந்த ஆளு பேசின பேச்சுக்கு சண்டை போடாம சந்தனமா பூசுவாங்க, அண்ணே?”

“அப்படி என்ன பேசினாரு? வரி விடாம சொல்லு.”

ஜலீல் கட்டிய கையோடு நெஞ்சை நிமிர்த்தினான். குரல் அச்சு அசல் ராதாகிருஷ்ணன்!

“‘இனிமே கமிட்டி கிடையாது! ஓட்டு கிடையாது! நாடோ டீமோ, தூக்கி நிறுத்த ஒரே ஆளு போதும். சர்வாதிகாரின்னா ஏன்யா பயப்படறீங்க? ஜெர்மனியில ஹிட்லர்... இத்தாலியில முசோலினி... நிப்பான்ல மாமன்னர்... நம்ம கழகத்துல நான்!’”

“நாலாவது அவரா?”

“கோல் கம்பம் எந்தப் பக்கம்னு தெரியாத ஆளு லா! பதினொரு பேரும் சேர்ந்து கத்தினோம். அதுக்காகக் கொல்லுவோமா, அண்ணே?” ஜலீலின் குரல் இறங்கியது. “வீட்டுல மூணு மாசப் பிள்ளை இருக்கு...”

வேலாயுதத்தின் காதில் விழுந்தது. நெஞ்சில் விழவில்லை.

கழக அலுவலகத்தில் செயலாளர் ரெங்கசாமி ஒற்றையாய் உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் மை.

“மினிட்ஸ் புக்கு குடுங்க.”

“கூட்டம் முடிஞ்ச மறுநாள் காலையில சுத்தமா எழுதிடுவேன், சார்ஜண்ட். முடிச்ச நேரத்தையும் போட்டுடுவேன். பதினாறு வருஷப் பழக்கம்.”

முத்து முத்தான எழுத்து. வேலாயுதம் வாசித்தார்.

‘ஜெர்மனியில் ஹிட்லர், நிப்பானில் மாமன்னர், நம் கழகத்தில் நான் என்று தலைவர் உரையாற்றினார்.’

கீழே... காலை மணி 9.40.

இன்னொரு முறை வாசித்தார்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“ஒரு ஆளைக் காணோமே, ரெங்கசாமி?”

“யாரை?”

“முசோலினியை!”

மேசையில் இருந்த பேனா உருண்டு விழுந்தது.

“ம... மறந்திருப்பேன்.”

“ஒரு கமா மறக்காத மனுஷன்!” மேசை மேல் கிடந்த காலைப் பத்திரிகையைத் திருப்பிக் காட்டினார் வேலாயுதம். அதில் முசோலினி இன்னும் பதவியில் இருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார். “அந்த ஆளைப் பதவியை விட்டுத் தூக்கின சேதி வந்ததே இன்னைக்குக் காலையிலதான். இங்க எந்தப் பேப்பரும் சொல்லல. கவிழ்ந்தவன் பேரு கழகப் புத்தகத்துல எதுக்குன்னு விட்டுட்டீங்க. அப்படின்னா... வெளிநாட்டு ரேடியோ கேட்டிருக்கீங்க! கேட்டாத் தலை போகும், தெரியுமில்ல?”

ரெங்கசாமி அழவில்லை. மறுக்கவும் இல்லை.

“ஜெர்ஸி பெட்டிக்கு அடியில வெச்சிருந்தேன். எட்டு மணிக்கு அவரு பாத்துட்டாரு. ‘உன்னைப் பிடிச்சுக் குடுத்தா ஜப்பான்காரன் சிலாங்கூர் கால்பந்துக்கே என்னைத் தலைவனாக்குவான்’னு சந்தோஷமாக் கிளம்பினாரு. சுத்தி கைக்கு எட்டுச்சு...”

“கொன்னுட்டு வந்து மினிட்ஸ் எழுதினீங்களா?”

“பழக்கம் விடல, சார்ஜண்ட்.”

வேலாயுதம் விலங்கை எடுத்தார்.

“நடங்க. வெளிய பதினொரு உசிரு காத்திருக்கு.”

“வரேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு லெப்டினன்ட் கேட்டா என்ன சொல்வீங்க?”

“முசோலினி பேரு இல்லாததை வெச்சு...”

பேச்சு பாதியில் நின்றது.

ரெங்கசாமி மெல்ல நிமிர்ந்தார்.

“அவன் கவிழ்ந்தது... உங்களுக்கு எப்படித் தெரியும், சார்ஜண்ட்?”

வேலாயுதம் விலங்கை மேசை மேல் வைத்தார்.

“கோழிக் கூண்டுல” என்றார். “வைக்கோலுக்கு அடியில.”

மணி ஒன்று இருபது.

“பேனாவை எடுங்க. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு மறுபடி எழுதுங்க. முசோலினியை அவன் இடத்துல உட்கார வைங்க.”

ரோமாபுரியில் போன பதவி பிரிக்பீல்ட்ஸில் திரும்பக் கிடைத்தது! பதினாறு வருடத்தில் முதல் முறையாக அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்தது.

“என்னை விட்டுடறீங்களா?”

“ஜப்பான்காரன் போனதும் வந்து பிடிப்பேன்.”

“எப்ப போவான்?”

“அதை நீங்கதான் சொல்லணும். என் ரேடியோ கரகரங்குது.”

மணி ஒன்று ஐம்பது. மொரிட்டா முன் நின்று, மினிட்ஸ் புத்தகத்தின் அந்த வரியை மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார் வேலாயுதம்.

“ஹிட்லர்... முசோலினி... அப்புறம் மாமன்னர்.”

“மூன்றாவதாகவா?”

பளார்!

அறை வேலாயுதத்தின் கன்னத்தில். சொன்ன வாய்க்கு. அவருக்கு வலிக்கவில்லை. எதுவும் வலித்து வெகுநாளாகிவிட்டது.

“எங்கள் மாமன்னரை... இரண்டு வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால்!” மொரிட்டாவின் கழுத்து நரம்பு துடித்தது. “அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்களா?”

“இல்லை, துவான். பதினொரு பேரும் சேர்ந்து கத்தினார்கள். அதுதான் நேற்றைய சண்டை.”

மொரிட்டா ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஆட்டக்காரர்களைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“அவிழ்த்து விடு. அந்த நாய்க்காக இனி யாரையும் தேட வேண்டாம்!”

லோரி காலியாகவே போனது.

ஜலீல் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ஓடி வந்தான்.

“என்ன அண்ணே மாயம் செஞ்சீங்க?”

“ஒண்ணுமில்லடா. அவங்க மாமன்னருக்கு மூணாவது இடம் குடுத்துட்டாராம் உங்க தலைவரு. அதான் கோபம்.”

ஜலீல் வாயைப் பிளந்தான்.

“அடப்பாவமே... நம்ம போட்டியில மூணாவது வந்தவனுக்கு வெண்கலக் கோப்பையாவது குடுப்போம் லா!”