கூட்டிவைத்த வேகம்

பக்கவாதம் பேச்சைப் பறித்தால் ஆயுளுக்கும் ஊமை என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. நெடுமாறனின் நெற்றியைச் சுற்றியிருந்த உணர்பட்டை, அவர் சொல்ல நினைப்பதை மூளையிலிருந்து அள்ளும். மேசைமேல் இருந்த சொல்மீட்பான் என்ற கணினி அதை அவருடைய பழைய குரலிலேயே பேசும். அது சொன்னால் அவரே சொன்ன மாதிரி, நீதிமன்றத்திலும் செல்லும். ஒரே குறை, நான்கு நொடித் தாமதம்.

கபடிப் போட்டிகளுக்கு நேர்முக வர்ணனை சொன்ன மனிதர் அவர். இப்போதோ பேச்சு வேறெங்கோ போன பிறகுதான் அவருடைய பதில் வந்து விழும். வந்தவர்கள் சங்கடமாகச் சிரிப்பார்கள். அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவர் மனைவி சுகிர்தா, தயாரித்தவர்களின் எச்சரிக்கையை மீறி அந்தக் கணினிச் செயலியின் வேகத்தைக் கூட்டினாள். மின்தூக்கி பழுதுபார்த்துப் பழகிய கை அது. மின்னழுத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, தாமதமே இல்லாமல் செய்துவிட்டாள்.

வீடு மறுபடி கலகலத்தது. புதன்கிழமை வடக்கே பிலாயிலிருந்து தம்பி இளம்பரிதி அழைத்தான். அம்மா சாகக் கிடந்தபோது எட்டிப்பார்க்காதவன்; ஒன்பது வருடமாக அண்ணன் அவனோடு பேசவில்லை.

"அண்ணே, உடம்பு..." என்று இழுத்தான்.

"போனது போகட்டும்டா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா," என்றது சொல்மீட்பான், அவன் கேட்டு முடிக்கும் முன்பே. மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை சில சொற்கள் இரண்டு முறை வந்தன. சனிக்கிழமை பேச்சின் நடுவே கணினி அணைந்து, தானே மறுபடி எழுந்தது. சுகிர்தா கண்டும் காணாமல் இருந்தாள். ஞாயிறு காலை திரை இருண்டது. எத்தனை முறை அழுத்தினாலும் விசிறி மட்டும் சுழன்றது. ரயிலிலிருந்து இறங்கிவிட்டதாக இளம்பரிதி செய்தி அனுப்பியிருந்தான்.

மின்கம்பியைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த காசளவு பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தாள். அது வெளியே வந்தால், அவள் மாற்றிவைத்ததையெல்லாம் கணினி மறந்து, வாங்கிய அன்றைய வேகத்துக்குத் திரும்பும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பேட்டரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கணவர் அருகே உட்கார்ந்தாள்.

"என்னாலதான்," என்றாள். அவர் இடது கையால் அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

பேட்டரியைப் பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது. கூடவே பிழைப் பதிவேடு ஒன்று விரிந்தது. கூட்டிய வேகத்தில் செயலி அவர் எண்ணம் வந்து சேரும்வரை காத்திருக்கவில்லை, ஊகித்தே பேசியிருக்கிறது. புதன்கிழமை தம்பியிடம் சொன்ன ஐந்து சொல்லும் ஊகம்தான்.

"நீங்க அதைச் சொல்ல நினைக்கவே இல்லையா?"

நான்கு நொடி.

"இல்ல."

"அப்ப ஏன் மறுக்கல?"

"வாய் திறக்கறதுக்குள்ள அவன் அழுதுட்டான்." மறுபடி குரல் வந்தது. "நீயும் இருபத்தாறு வருஷமா நான் ஆரம்பிச்ச பேச்சை முடிச்சு வச்சிருக்க. பாதி நான் நினைக்காதது. நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்."

இந்த ஊருக்குக் குடிவந்தது, மகளுக்கு வைத்த பெயர், அவர் வர்ணனையை நிறுத்தியது என்று ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தது. இவற்றில் எது அவர் சொன்னது, எது அவள் முடித்துவைத்தது?

அழைப்புமணி ஒலித்தது. கதவைத் திறந்தால், பாதி நரைத்த தலையோடு இளம்பரிதி.

"எப்படிண்ணே இருக்க?"

'உன்னைப் பார்க்கத்தான் துடிச்சுக்கிட்டிருந்தார்' என்று சுகிர்தாவின் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். இளம்பரிதி அவளைப் பார்த்தான். அவள் கணவரைக் காட்டினாள்.

"கோபம் இன்னும் போகலடா," என்றது நெடுமாறனின் குரல். "உக்காரு."

இளம்பரிதி பையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தான்.