அசையாதவை மட்டும்

துரு நடக்காது. ஆயினும், திரையில் முப்பத்தொரு மீட்டரில் எழுந்திருந்த எதிரொலிக்கோடு அடுத்த சோதனையில் இருபத்தெட்டில் நின்றது.

சோதனையாளர் குழாயைச் சுற்றிப் பூட்டியிருந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். பிசகில்லை. அது அனுப்பும் அதிர்வலை, ஆள் தவழுமளவு அகன்ற அக்குழாயின் இரும்புச் சுவர் வழியே ஓடி, பற்றவைப்பிலும் அரிப்பிலும் மோதித் திரும்பும். வளையத்திலிருந்து எத்தனை மீட்டரில் மோதித் திரும்பியது என்பதைத் திரை கோடாக்கிக் காட்டும். பிற்பகல் வெயிலில் பூச்சு இளகும் வாடையும், தொலைவிலொரு பம்பின் ஓயாத முனகலும், தகரக் கூரையின் நிழல் காலடியிலிருந்து மெல்ல நழுவுவதும் அவரை ஏனோ உறுத்தின.

மேசைமேல் மச்சானின் சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமல் இருந்தது. அருகில் அவரது கைபேசி. தங்கையின் கணவர், கசடு வழிக்கக் காலையில் குழாய்க்குள் இறங்கியவர்.

"சார், மச்சான் வெளிய வந்துட்டாரா?"

"எல்லாரும் வந்தாச்சுன்னு நானே தாள்ல டிக் அடிச்சுட்டேனே," என்றார் மேற்பார்வையாளர். "மூடியும் போட்டாச்சு. நைட்ரஜன் விட்டுக்கிட்டிருக்கோம்."

அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. அது நிறைந்த இடத்தில் மூச்சுமில்லை.

"உள்ள ஏதோ நகருது சார்."

"என்ன பள்ளம், மறுபடியுமா?" சென்ற ஆண்டு சோதனையாளர் பேச்சைக் கேட்டுச் சாலையைத் தோண்டி, ஒன்றும் கிடைக்காத நாள்முதல் ‘பள்ளம்’ என்பதே அவர் பட்டப்பெயர். "துருவுக்குக் கால் முளைச்சிடுச்சாக்கும்! பத்து தடவை எடுத்து சராசரி போடு. நகர்றதெல்லாம் வெறும் இரைச்சல், தானா அழிஞ்சிடும்."

கொட்டகையே சிரித்தது. மேற்பார்வையாளர் வால்வுப் பக்கம் போனார்.

சோதனையாளர் சராசரி போட்டார். கோடு மறைந்தது. பற்றவைப்புகள் மட்டும் சம இடைவெளியில், ஒழுங்காக நின்றன.

மனம் கேட்கவில்லை. மீண்டும் ஒற்றை அலையாக அனுப்பினார்.

பதினைந்து.

ஒன்பது. இப்போது விரைவு கூடியிருந்தது.

நான்கு.

உள்ளங்கையைக் குழாயில் பதித்தார். இரும்புக்கு அப்பால் நகம் பிராண்டியது. கத்த வாயெடுத்தார். கொட்டகை திரும்பிப் பார்த்தது. ஒருவன் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தான். ஒரு கணம் தயங்கினார்.

பிராண்டல் நின்றது.

இரண்டு.

இரண்டு.

இரண்டு.

திரும்பி வந்த மேற்பார்வையாளர் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து, தாமே சராசரிப் பொத்தானை அழுத்தினார். இம்முறை எதுவும் அழியவில்லை.

"பாத்தியா, என்ன தெளிவு! வெல்டுன்னு குறிச்சுக்க."

இரண்டு மீட்டரில், மற்றெல்லாக் கோடுகளையும்விட உயரமாக, அசையாமல், அது நின்றது.