கடுகுக்குப் பாதி மருந்து

சிரிஞ்சில் பாதி மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு அவள்தான் அதை நிரப்பினாள். ஊசி இல்லாத, சுண்டுவிரல் நீளமே உள்ள சிரிஞ்சு. டாக்டரம்மா சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்திருந்த இடம்வரை மருந்தை இழுத்தாள். பூனைக்குட்டியின் கன்னத்தை விரலால் விலக்கி உள்ளே விட்டு, சரிபாதியில் கட்டைவிரலை நிறுத்திக்கொண்டாள். மீதிக்கு மூடி போட்டு, சமையலறை மேடையில் ஒரு தட்டில் வைத்து, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்தாள். இப்போது மணி ஏழரை. கிண்ணம் கவிழ்த்தபடியே இருந்தது. மூடியும் போட்டது போட்டபடிதான். சிரிஞ்சின் தண்டு மட்டும் அடிவரை அழுத்தப்பட்டிருந்தது.

"ஒழுகியிருக்கும்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். ஒழுகியிருந்தால் தட்டு ஈரமாக இருக்கும். விரலால் தடவிப் பார்த்தாள். உலர்ந்த பீங்கான். கசப்பை மறைக்க மருந்தில் கலந்திருந்த பழ வாசனை மட்டும், யாரோ வாயில் வைத்துச் சப்பிவிட்டுப் போன மிட்டாயைப் போல, மேடைக்கு மேலே காற்றில் நின்றது.

குட்டிக்குக் கடுகு என்று பெயர். மூன்று மாதம், முழுக் கறுப்பு, இரு கைக்குள் அடங்கிவிடும். அச்சகத்திலிருந்து அவளுக்கு வருகிற தாள்கட்டைச் சுற்றியிருந்த நூலை அது விழுங்கிவிட்டது. குடல் சுருக்குப்பை மாதிரி சுருங்கிப்போயிருந்தது என்றார்கள். வயிற்றைத் திறந்து, மூன்று இடங்களில் வெட்டி, ஒரு முழ நூலை உருவி எடுத்தார்கள். வயிற்றைச் சுற்றித் துணிக்கட்டோடு அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து முந்தின நாள் மாலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"வலி மருந்த மட்டும் நிறுத்திடாதீங்கம்மா," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். இவளுக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான் டாக்டரம்மாவுக்கு. "எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, அஞ்சு நாளைக்கு. கண்ணு பெருசா விரியும். சும்மா செவுத்தயே பாத்துட்டு இருக்கும், காலால தரையப் பிசையும். அதெல்லாம் மருந்து பண்ற வேல, பயப்படாதீங்க. மூச்சு ரொம்பக் கொறஞ்சா மட்டும் எனக்கு போன் பண்ணுங்க."

கடைசி வாக்கியம்தான் அவள் காதில் ஏறியது.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாளுக்குப் பிழை பார்ப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக அதுதான் சோறு போடுகிறது. மற்றவர்கள் பெட்டியோடு சேர்த்து வீசிவிடுகிற அந்தத் தாளை அவள் அடிக்கோல் வைத்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிப்பாள். பக்க விளைவுகள் என்ற தலைப்புக்குக் கீழே 'மிக அரிதாக' என்று வரும். பத்தாயிரத்தில் ஒருவர் என்று பொருள். அந்த ஒருவர் ஏதோ ஒரு வீட்டில் இருந்துதானே ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். மீதி ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் சுகமாகத் தூங்குவதை அவளால் ஒருநாளும் நினைத்துப் பார்க்க முடிந்ததில்லை.

அதனால்தான் பாதி.

மூச்சை எண்ணி எண்ணி, ஒரு பழைய தாளின் ஓரத்தில் குறித்துவைத்தாள். காலையில் நிமிடத்துக்கு இருபத்தெட்டு. பகல் பதினொன்றுக்கு இருபத்தாறு. இரண்டு மணிக்கு மறுபடி பாதி மருந்து கொடுத்து, மீதியை இந்த முறை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மூன்று மணிக்கு நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தபோது அதுவும் காலியாக இருந்தது.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் அப்போதுதான் வேலை முடிந்து வந்தாள். பேருந்தில் நடத்துநர். தோளில் பையோடு, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"என்ன அண்ணி, கூப்பிட்டாலும் கதவு தெறக்கல? உங்க மகாராணி எப்படி இருக்காங்க?"

"காலைல நீ உள்ள வந்தியா?"

"நான் நாலரைக்கே முதல் வண்டிக்குப் போயாச்சு. ஏன்?"

"இதுல மருந்து இருந்துச்சு."

"சரி, நான் எடுத்துக் குடிச்சிட்டேங்கிறீங்களா?" நாத்தனார் சிரித்தாள். "நாள் பூரா நின்னு முட்டி கழண்டு போகுது. குடிச்சிருந்தாலும் தப்பில்ல." பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவள் ஒரு அடி பின்வாங்கினாள். "அம்மாடி, கண்ணப் பாருங்களேன். கடைசி வண்டியில ஏறுற குடிகாரன்கூட இப்படி முழிக்க மாட்டான். எங்க அண்ணி பாக்குது அது?"

கடுகு பின்னறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்மணி விரிந்து, மஞ்சள் நிறம் ஒரு நூலிழையாக மட்டும் ஓரத்தில் மிஞ்சியிருந்தது. கதவின் அடியையோ மேலேயோ பார்க்கவில்லை. கட்டிலில் படுத்திருப்பவர் தலையைத் திருப்பினால் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் பார்த்தது.

"பூனைக்கே இப்படி மணி பாத்து உக்காந்திருக்கீங்க," என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி. "எங்கண்ணன் குடுத்து வச்சவன் அண்ணி. பெத்த தாய்கூட அப்படிப் பாத்திருக்க மாட்டா. நான் எல்லாருகிட்டயும் சொல்றதுதான்."

அவள் காலிச் சிரிஞ்சை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

எலும்பில் வந்த நோய். எட்டு மாதத்துக்கு முன், அந்தப் பின்னறையில், நாற்பத்தொரு நாள். நாக்கின் அடியில் பத்துச் சொட்டு விட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மருந்தின் தாளுக்குப் பிழை பார்த்தவளே அவள்தான். 'மூச்சு மந்தமாதல்' என்ற இரண்டு சொற்களில் ஓர் ஒற்றெழுத்துகூடத் தப்பாமல் திருத்திக் கொடுத்திருந்தாள். ஐந்து சொட்டுத்தான் விட்டாள். அவள் காலடிச் சத்தம் கேட்டதுமே அவர் வாயைத் திறந்து வைத்துக்கொள்வார். ஐந்தாவது சொட்டுக்குப் பிறகும் மூட மாட்டார். "அவ்ளோதானா?" என்பார். "முழுசாக் குடுத்துட்டேன்," என்பாள். அவர் நம்பினார். மருந்தையும் மிஞ்சிவிட்டது நோய் என்று முடிவுகட்டி, பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் 'ம்' என்று ஒரு சத்தம் மட்டும். மூச்சு மந்தமாகவே இல்லை. கடைசி நிமிடம்வரை தெளிவாக விழித்திருந்து, எல்லாவற்றையும் உணர்ந்து செத்தார். மீந்த சொட்டுகளை அவள் தினமும் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினாள். இது யாருக்கும் தெரியாது.

மாலையில் டாக்டரம்மாவுக்கு போன் செய்தாள்.

"கண்ணு அப்படியே விரிஞ்சு இருக்கு டாக்டர்."

"இருக்கட்டும்மா. வலி தெரியாம இருக்குன்னு அர்த்தம். நல்லதுதானே?"

"ஒருவேள அளவு கொறைஞ்சிருந்தாலும் இப்படி விரியுமா?"

"கொறைஞ்சா எப்படி விரியும்? சுருண்டு படுத்துக்கும், கிட்டப் போனாலே சீறும்." பின்னணியில் ஏதோ நாய் ஊளையிட்டது. "நீங்க முழுசாத்தானே குடுக்கறீங்க?"

"முழுசாத்தான்," என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது!

காணாமல்போன பாதியும் குட்டிக்குள்தான் போயிருக்க வேண்டும். அன்று இரவு வேளைக்கு மருந்தே கொடுக்கவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. புட்டியைத் தொட்டியில் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை கொட்டி, நீர் விட்டுக் கழுவி, குப்பைக்காரர் வண்டியில் தன் கையாலேயே போட்டுவிட்டு வந்தாள். இனி வீட்டுக்குள் மருந்து என்று ஒன்று கிடையாது. வலித்தால் கத்தட்டும். கத்தினால் உயிர் இருக்கிறது என்று தெரியும்.

கடுகு கத்தவில்லை. தைத்த வயிற்றைத் துணிமேல் பரப்பி, முன்கால்களால் காற்றைப் பிசைந்துகொண்டு, அடித்தொண்டையில் சுகமாகக் குர்ரென்று உறுமியபடி கிடந்தது. கண்மணி நேற்றைவிடப் பெரிதாக இருந்தது. ஒன்பது மணிக்கு மூச்சு இருபது. பதினொன்றுக்குப் பதினாறு. பழ வாசனை சமையலறையை விட்டுக் கூடத்துக்கு வந்திருந்தது.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போய், மின்விசிறி சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் கழுவின பாத்திரத்தின் நிறத்தில் தரையில் கிடந்தது. ஜன்னல் மேல்தகட்டில் மழை, வாசல் குழாயில் மழை, தெருவில் எங்கோ ஒரு வண்டி சேற்றில் முக்குகிற சத்தம், இவை எல்லாவற்றுக்கும் அடியில் கடுகின் உறுமல். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், அந்த உறுமலுக்கு நடுவில் வேறொரு சத்தமும் இருப்பதை மெல்ல மெல்லத்தான் பிரித்தறிந்தாள். குட்டி மூச்சை இழுக்கும்போது நின்று, விடும்போது வந்தது. மூக்கால் வந்தது.

ம்.

டாக்டரம்மாவுக்கு அடித்தாள். இணைப்பு கிடைக்கவில்லை. நாத்தனாருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பேருந்து இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது. மூச்சு பன்னிரண்டு.

சரியாக இரண்டு மணிக்குப் பின்னறையில் கட்டில் முனகியது. படுத்திருக்கிறவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினால் வருகிற முனகல்.

கடுகு எழுந்தது. துணிக்கட்டு ஒரு பக்கம் நழுவ, பெட்டியைத் தாண்டிக் குதித்து, கூப்பிட்ட இடத்துக்குப் போகிறதுபோல வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பின்னறைக் கதவை அவள் எட்டு மாதமாகச் சாத்தியே வைத்திருந்தாள். இப்போது ஒரு பூனை நுழைகிற அளவுக்கு அது திறந்திருந்தது.

"கடுகு. ஏய். இங்க வா."

உள்ளே விரிப்பு இல்லாத மெத்தை. யாரும் இல்லை. மெத்தையின் நடுவில் ஒரு நீளமான பள்ளம் மட்டும். கடுகு அந்தப் பள்ளத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தது. பள்ளத்தில் அல்ல. அதற்கு ஒரு சாண் மேலே. கால்கள் எதையோ பிசைந்தன. அதன் உடம்பு மெதுவாக ஏறியது, இறங்கியது. ஏறியது. தன் மூச்சால் அல்ல.

ம்.

பிறகு அது மல்லாந்து சரிந்தது, தைத்த வயிறு தெரிய. உதட்டின் இடது ஓரம் தானாக விலகியது. அவள் விலக்குகிற அதே பக்கம். உள்ளே இளஞ்சிவப்புக் கன்னம். அதில் ஈரம் ஊறி, நிறைந்து, வழிந்தது. தொண்டை ஒருமுறை விழுங்கியது. மஞ்சள் நூலிழையும் மறைந்துபோனது.

அவள் எண்ணினாள். ஒன்று.

மழை.

இரண்டு.

"போதும்," என்றாள். "மூச்சு நின்னுடும். போதும்ங்க."

உதடு மறுபடி விலகியது. மறுபடி ஈரம். நிதானமாக. ஒரு சொட்டும் சிந்தாமல், அளவு குறையாமல்.

மூன்று வரவில்லை.

அவள் கட்டிலில் பாய்ந்தாள். குட்டியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கையை அதன் வாய்மேல் வைத்துப் பொத்தினாள். இனி ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. விரல் இடுக்குகளையும் சேர்த்துக்கொண்டாள். அந்தச் சின்ன மூக்கு, வாய், மீசை, எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கின. இறுக்கினாள். ஏதோ அவள் விரலை நெம்பப் பார்த்தது. இன்னும் இறுக்கினாள். விடமாட்டேன். விடமாட்டேன் என் தங்கமே. குட்டியின் கால் அவள் மணிக்கட்டைப் பிசைந்தது. இருமுறை. பிறகு ஒருமுறை. நெம்பல் நின்றது. அப்போதும் விடவில்லை. மழை ஓயும்வரை விடவில்லை.

உள்ளங்கையில் மூச்சு இல்லை.

புறங்கையில் இருந்தது. வெதுவெதுப்பாக, சீராக, நாள்பட்ட நோயாளியின் வாய் நாற்றத்தோடு மேலே விழுந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு நாக்கு, உலர்ந்து வெடித்த பெரிய நாக்கு, அவள் விரல் முட்டியைத் தொட்டு, அகலத் திறந்த வாயிலிருந்து நீண்டபடியே, காத்துக்கொண்டிருந்தது.