மூன்றாம் தறி நிற்கவில்லை

மாதாந்திரப் பராமரிப்புக்காகச் சூலூரில் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. லட்சுமணசாமியின் கொட்டகையில் எட்டு விசைத்தறிகளும் அடங்கின. சாயங்காலம் வரை லீவு கிடைத்த சந்தோஷத்தில் ஆட்கள் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். தறிகளுக்கு எண்ணெய் விடுவதற்காக முதலாளி மட்டும் உள்ளே இருந்தார். பஞ்சுத் தூசி மெல்லத் தரையிறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தார், ஒரு தறியின் சத்தம் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கொட்டகையில் ஜெனரேட்டர் போட்டிருப்பார்கள் என்று முதலில் நினைத்தார். ஆனால் முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்திலேயே தூங்கி எழுந்த காது அதை ஒப்பவில்லை. டக், டக், டக். ஒன்று விட்டுப்போனது. மறுபடி டக், டக். எந்தத் தறியும் இப்படி ஓடாது. போன வாரம் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தது இந்த மாதிரி ஓட்டத்துக்குத்தான்.

"துடிப்பு தாளம் தப்புதுங்க. இ.சி.ஜி. எடுக்கோணும். ஒரு நாள் பூரா மெஷின் மாட்டியும் பாக்கோணும்" என்றார் டாக்டர்.

"எனக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் அம்பத்தெட்டுதானுங்க. இந்த ஊர்ல இன்னொருத்தனைக் காட்டுங்க, பாக்கலாம்."

"அது அடைப்புக்குப் பாக்கறதுங்க. தாளம் வேற சமாச்சாரம். கொலஸ்ட்ரால் கம்மியா இருக்கறவங்களுக்கும் தப்பும்."

லட்சுமணசாமி அந்தச் சீட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். அம்பத்தெட்டை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. அதை வைத்துத்தானே நான்கு வருஷமாக மனைவி வெங்கடம்மாளைக் குத்திக்கொண்டிருந்தார்! அவளுக்கு இருநூறுக்கு மேல். கல்யாணப் பந்தியில் நாலு பேர் பார்க்க அவள் இலையிலிருந்து வடையை எடுத்துத் தூர எறிவார். "எனக்கு முந்தி நீதான் போவே, எழுதி வெச்சுக்கோ" என்பார். அவள் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவாள். இந்த மனுஷனுக்காக இரக்கப்படுவது கொஞ்சம் கஷ்டந்தான்.

சத்தம் மூன்றாம் தறியிலிருந்து வந்தது. விளக்கில்லாத கொட்டகையில், கூரை ஓட்டை வழியே குச்சியாக விழுந்த வெயிலில், மெஷின் எண்ணெயும் பாவு நூலில் பூசிப் புளித்த கஞ்சியும் சேர்ந்து நாறும் அந்த மூலையில், மோட்டாரும் சுற்றாமல் பெல்ட்டும் அசையாமல், நூல்களுக்கு நடுவே ஊடு நூலைச் சுமந்து ஓடும் நாடா மட்டும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது. துணி வளர்ந்துகொண்டிருந்தது.

மணிக்கட்டில் விரலை வைத்தார். தறி அடித்தபோது விரலுக்கடியிலும் அடித்தது. தறி ஒன்றை விட்டபோது விரலுக்கடியிலும் ஒன்று விட்டது.

"சனியனே" என்று தறியை நிறுத்தும் கைப்பிடியை இழுத்தார்.

தறி திணறியது. நெஞ்சுக்குள் ஒன்றுமில்லை. கண் இருட்டியது. முழங்கால் மடிந்தது. விழுந்த வேகத்திலேயே கைப்பிடியைத் திரும்பத் தள்ளினார். டக். மூச்சு வந்தது.

தரையில் சரிந்தபடி பார்த்தார். நாடாவுக்குள் இருந்த தாரில், அந்தச் சின்ன நூல் குச்சியில், சுற்றியிருந்த நூல் கரைந்து அடியிலிருந்த கட்டை தெரிய ஆரம்பித்திருந்தது. நூல் தீர்ந்தால் தறி தானாக நிற்கும். புதுத் தார் போடுவதென்றாலும் தறியை நிறுத்தித்தான் போட வேண்டும். அவருக்குச் சாக விருப்பமில்லை. வேறு எதுவும் நினைக்கத் தெரியவில்லை.

கதவு திறந்தது.

"ஏனுங்க, கரண்ட் இல்லாம எதுங்க ஓடுது?"

வெங்கடம்மாள். சொல்ல வாயெடுத்தார். நாக்கு புரளவில்லை.

அவள் மோட்டாரைப் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த மறுமாதத்திலிருந்து இதே தறிகளை ஓட்டியவள் அவள். ஆனாலும் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவர் நெஞ்சில் அழுத்தியிருந்த கையைப் பார்த்தாள். தறி அடித்தது. கை அதிர்ந்தது. மறுபடி அடித்தது. மறுபடி அதிர்ந்தது. அதையும் பார்த்தாள்.

"நி... நிறுத்தா..."

"தார் தீரப்போகுதுங்க" என்றாள் மரியாதையாக.

தறி வேகமெடுத்தது. டக் டக் டக். ஒன்று விட்டது. இரண்டு விட்டது. டக்.

அவள் கூடையிலிருந்து புதுத் தார் ஒன்றை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். திரும்பக் கூடையிலேயே போட்டாள்.

கைப்பிடியைப் பிடித்தாள்.