அம்மா பிசைந்த ரசஞ்சோறு

"என் சோத்த நானே போட்டுக்குறேன். கரண்டியக் குடு."

இதை மட்டும் சுடர்விழி கேட்கவே கூடாது என்று அம்மா தங்கம்மாள் சொல்லிவைத்திருந்தாள். போன வருஷம் எம்.எஸ்சி. முடித்துச் சுடர்விழி கீழ்வேளூருக்குத் திரும்பிய நாளிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, அம்மா கையால் பிசைந்த ரசஞ்சோறு.

"ஏன்டி, எங்கையால சாப்பிட்டா படிப்பு கொறஞ்சிடுமா?"

மழை விட்டிருந்தது, நடவு வயலின் சேற்று வாடையும் ஈர விறகுப் புகையும் வீட்டுக்குள் வந்து தேங்கியிருக்க, ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தத்துக்கு அடியில், சில வாரமாக அவளை விடாத அந்த இன்னொரு சத்தம், யாரோ எதையோ ஈரமாக, நிதானமாக மெல்லும் சத்தம், இப்போதும் கேட்டது. வீட்டில் வேறு ஆளில்லை. அம்மாவின் வாய் மூடியிருந்தது.

கடைசிக் காலத்தில் அப்பா வீரையனின் வாய் இப்படித்தான் மென்றுகொண்டே இருந்தது. யாரோ துரத்துவதாகக் கத்துவார். அவருக்குத் தெரியாமல் ரசத்தில் மனநோய் மாத்திரையைக் கரைத்தார்கள். வாய் மென்றதன் காரணம் அவளுக்கு எம்.எஸ்சி. வகுப்பில்தான் புரிந்தது. மாத்திரை, மூளையில் சுரக்கும் டோபமைனை மறிக்கும். தண்ணி எட்டாத கடைமடைக்காரன் கரையில் கூடுதலாக மடை வெட்டுகிற மாதிரி, பட்டினி கிடக்கும் மூளைச்செல் தன்மேல் அதை வாங்கிக்கொள்ளும் புதுப்புது ஏற்பிகளை முளைக்கவைக்கும். பிறகு சொட்டு வந்தாலும் வெள்ளம்தான். வாய் தானாக மெல்லும்.

அப்பா செத்து இரண்டு வருஷமாகிறது.

சுடர்விழி தன் தாடையைத் தொட்டாள். அசைந்தது. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

தட்டில், ரசத்துக்கு அடியில், கரையாத வெள்ளைத் துணுக்கு.

"எத்தன நாளா?"

"வந்த புதுசுல நீ கத்துனது அப்படியே ஒங்கப்பா மாதிரியே இருந்துச்சுடி. பயந்துட்டேன்."

"கல்யாணம் வேணாம்னேன். அதுக்குப் பேரு பைத்தியமா?"

"இப்ப அடங்கித்தானே இருக்க? நல்லாத்தானே இருக்க?"

சோற்றில் ஏதோ கலக்கிறாளோ என்ற சந்தேகத்தில் இந்த வாரம் முழுக்க அவள் சோற்றைக் கொல்லையில்தான் கொட்டியிருந்தாள். அது அம்மாவுக்குத் தெரியாது. மாத்திரை திடீரென்று நின்றால் என்ன வரும் என்று சுடர்விழிக்குத் தெரியும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அம்மாவின் முந்தியில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை உருவிப் பையில் போட்டாள். தஞ்சாவூர் பஸ். டாக்டர். இந்த வீட்டுச் சோறு இனி இல்லை.

"எங்கடி போற? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். அதுங்க வாயிலயும் கரைச்சு ஊத்து."

வாசல். வரப்பு.

காற்றே இல்லை.

நட்ட நாற்று அத்தனையும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் சாய்ந்தது.

அவள் நடந்தாள். அவள் நடக்க நடக்க, வரிசை வரிசையாக, அவை திரும்பின.